அடங்கலில் இல்லாத ஆழம்

சேலம், நாமக்கல் சமவெளியின் நிலத்தைப் பற்றி அரசாங்கத்துக்குத் தெரிந்ததெல்லாம் கிராம நிர்வாக அலுவலரின் மேசையில் இருக்கும் ஒரு நீளமான நோட்டில் தொடங்குகிறது. அடங்கல் என்று பெயர். புல எண், பரப்பு, பட்டாதாரர், இந்தப் பசலி ஆண்டில் என்ன பயிர், தண்ணீர் எங்கிருந்து, பயிர் இல்லையென்றால் ஏன் தரிசு என்று வரிசையாக எழுதிக்கொண்டு போவார்கள். ஊர்க் கணக்கு பிர்க்காவுக்கும் பிர்க்கா கணக்கு வட்டத்துக்கும் ஏறி, மாவட்டம் தாண்டிச் சென்னைக்குப் போய்ச் சேரும். அங்கே பொருளியல் புள்ளியியல் துறை அதைப் பருவ, பயிர் அறிக்கையாக அச்சிடும். 1949-50 முதல் நாடு முழுவதும் ஒரே மாதிரி ஒன்பது தலைப்புகள்: காடு, பயிர் செய்ய லாயக்கற்றது, வேளாண்மை அல்லாத பயன், பயிரிடத்தக்க தரிசு, நிரந்தர மேய்ச்சல், மரப்பயிர், நடப்புத் தரிசு, இதர தரிசு, நிகர சாகுபடி.

இந்த ஒன்பது தலைப்புகள்தான் வேளாண் பொருளாதார ஆய்வாளருக்குக் கைமுதல். எழுபது வருட அறிக்கைகளை அடுக்கி வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டின் கதை ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். 1970-களின் தொடக்கத்தில் 60 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியிருந்த நிகர சாகுபடிப் பரப்பு இன்று 50 லட்சத்துக்கும் கீழே. குறைந்ததெல்லாம் தரிசுக்கும், வீடு, சாலை, ஆலைக்கும் போயிருக்கிறது. சேலமும் நாமக்கல்லும் இதே வழியில்தான் நடக்கின்றன. ஆனால் இந்த அட்டவணை நிலத்தின் மேல்தோலை மட்டும் எண்ணுகிறது. இந்தச் சமவெளியில் கடந்த எண்பது வருடத்தில் நடந்த பெரிய மாற்றங்கள் ஒவ்வொன்றும் தன் செலவை அட்டவணைக்கு வெளியே கொண்டுபோய் இறக்கி வைத்திருக்கிறது. கொஞ்சம் பாறைக்கு அடியில், கொஞ்சம் ஆற்றின் கீழ்க்கரையில், கொஞ்சம் பீகாரின் மக்காச்சோளக் காட்டில்.

முதலில் அளந்தவரிலிருந்து தொடங்கலாம். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்தபோது, நிர்வாகத்துக்கு வந்தவர் அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரி. அவருக்குக் கீழே இருந்த உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் வயல் வயலாக அளந்து குடியானவனிடமே வரி வாங்கும் ரயத்துவாரி முறை பிற்பாடு தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்குப் பரவியது. அது நடை பழகிய இடம் இந்தப் பகுதிதான். நன்செய், புன்செய், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்தார்கள். தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனம். மரமும் பூவும் இருக்க வேண்டும் என்பதில்லை. இன்றைக்கும் திருச்செங்கோட்டுப் பக்கம் ‘தோட்டத்துக்குப் போறேனுங்க’ என்றால் கிணறு உள்ள நிலம், ‘காட்டுக்குப் போறேன்’ என்றால் மானாவாரி. யானை உள்ள காட்டை நினைத்துக்கொள்ளக் கூடாது.

மானாவாரிக் காட்டில் கம்பு, சோளம், ராகி, சாமை, கொள்ளு, ஆமணக்கு, பிற்பாடு நிலக்கடலை. மழை தவறினால் என்ன ஆகும் என்பதை 1876-78 தாது வருடப் பஞ்சம் காட்டியது. தர்மபுரி, கிருஷ்ணகிரியையும் சேர்த்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில் 1871 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 19.67 லட்சம் பேர். 1881-ல் சுமார் 16 லட்சம். இந்த மண்ணில் கிணறு வெட்டுவது ஏன் ஒரு வெறியாக மாறியது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு எண்களும்தான் முன்னால் வருகின்றன. மழையை நம்பிய வெள்ளாமை ஒரே தலைமுறையில் ஐந்தில் ஒருவரைக் காணாமல் போக்கிய ஊரில், பாறையை உடைத்தாவது தண்ணீரைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள நினைப்பது பேராசை இல்லை.

அந்தக் கிணற்றில் இருந்து தண்ணீர் எடுத்த விதம்தான் அன்றைய நிலப் பயன்பாட்டின் சூட்சுமம். கவலை. ஒரு சோடி எருது, தோலில் செய்த சால், அதன் வாலாகத் தும்பி, மேலே வடம், கீழே வால்கயிறு. மாடு பின்னால் நகர்ந்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும். சரிவில் முன்னால் இறங்கினால் சால் மேலேறித் தும்பி வழியாகத் தொட்டியில் கொட்டும். விடியலுக்கு முன்னால் பூட்டி, வெயில் ஏறும்போது அவிழ்த்து, மாலையில் மறுபடி பூட்டுவார்கள். ஒரு சோடி மாடு நாள் முழுக்க இறைத்தாலும் நனையும் நிலம் சொற்பம். நாற்பது, ஐம்பது அடிக்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் மாட்டுக்கும் முடியாது, ஆளுக்கும் முடியாது. கிணற்றை அதற்கு மேல் தோண்டிப் புண்ணியமில்லை.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. கவலை இறைக்க மாடு வேண்டும். மாட்டுக்குத் தட்டு வேண்டும். தட்டுக்குச் சோளம் விதைக்க வேண்டும். ஆகவே பத்து ஏக்கர் வைத்திருப்பவர் அதில் ஒரு பங்கைச் சோளத்துக்கும், இன்னொரு பங்கைப் புல்லுக்கும் விட்டே ஆக வேண்டும். மனிதனுக்குத் தானியம், மாட்டுக்குத் தட்டு, மண்ணுக்கு எரு. ஆலம்பாடி மாடு இந்தப் பகுதியின் இழுவைக்கென்றே தேறிய இனம். இன்று அந்த இனம் அருகிப்போய், அதைக் காப்பாற்றக் காரிமங்கலத்தில் ஆராய்ச்சி மையம் வைக்கும் நிலைமை. மேய்ச்சல் நிலம் ஏன் குறைந்தது என்று அறிக்கையைப் பார்த்துக் கேட்பவர்களுக்கு, மாட்டுக்கு வேலை போனதுதான் பதிலின் பெரும்பகுதி.

அதற்காகக் கவலைக் காலத்தைப் பொற்காலம் என்று யாரும் சொல்ல வேண்டாம். வால்கயிற்றில் உட்கார்ந்து முன்னும் பின்னும் அலைந்தவர் பெரும்பாலும் பண்ணையத்து ஆள். அவர் முதுகெலும்பின் கணக்கும் எந்த அட்டவணையிலும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் இந்தக் கவலையைப் பிடித்துக்கொண்டு நிறையப் பாடுபட்டார். சேலத்தில் நெசவாலை ஒன்றை நடத்திப் பார்த்தவரும் அவர்தான். சால் சீக்கிரம் மக்கிப்போகிறது என்று குரோம் முறையில் பதனிட்ட தோலைக் கொண்டுவந்தார். பிறகு மாட்டையே விட்டுவிட்டு எண்ணெய் இன்ஜினும் பம்பும் வைக்கச் சொல்லி ஊர் ஊராகச் செய்து காட்டினார். இன்ஜின் விலை எல்லோருக்கும் கட்டுபடியாகவில்லை. அது செய்யாததை மின்சாரம் செய்தது.

மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது, 1937-ல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அணையின் தண்ணீர் பெரும்பாலும் தஞ்சைக்குப் போனது. கரண்டு சேலத்துக்கு வந்தது. இதைச் சேலத்துக்காரர்கள் குறையாகச் சொல்வதுண்டு. பிற்பாடு கிழக்குக் கரை, மேற்குக் கரைக் கால்வாய்கள் வந்து சேலம், நாமக்கல், ஈரோடு பகுதிகளில் 45,000 ஏக்கர் பாசனம் பெற்றது என்றாலும், மாவட்டத்தின் பெரும்பகுதிக்கு மேட்டூர் என்றால் இன்றைக்கும் கம்பியில் வருவதுதான். 1950, 60-களில் மோட்டார் பரவியது. நிலத்தடி நீரின் மீது அதுவரை இருந்த இயற்கையான பூட்டு மாட்டின் மூச்சு. அந்தப் பூட்டு கழன்றது.

விலையும் ஒரு பூட்டுதான். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், பிறகு எல்லா விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் இலவசமானது. அதற்குப் பின்னால் கட்டணத்தை எதிர்த்து உயிரைக் கொடுத்த போராட்டங்களின் வரலாறு இருக்கிறது. விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்துக் கட்டைவண்டி ஊர்வலங்களை நினைவு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொருளாதார நூல்கள் இலவச மின்சாரத்தை ஒரே வரியில் குற்றவாளி ஆக்கிவிடும். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆற்றுப் பாசனக்காரருக்கு அரசு கட்டிக்கொடுத்த அணையும் வாய்க்காலும் பெயரளவு தீர்வைக்குக் கிடைக்கிறது. புன்செய்க்காரர் கிணற்றைத் தன் கடனில் வெட்டுகிறார். அவருக்குக் கொடுத்த பெரிய மானியம் கரண்டு. ஆனால் ஒரு யூனிட்டுக்கு ஒரு பைசாகூட இல்லாதபோது, இன்னொரு அரை மணி மோட்டாரை ஓட விடக் கூடாது என்பதற்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விடுகிறது என்பதும் உண்மை.

தண்ணீர் இறங்கியது. கிணற்றுக்குள் வெடிவைத்து ஆழப்படுத்தினார்கள். அடியில் பக்கவாட்டில் துளை போட்டார்கள், சைடு போர். அதுவும் வற்றியபோது கிணற்றையே விட்டுவிட்டு, நேர் கீழே ஆழ்துளை. இந்தப் பகுதியின் அடிப்பாறை சார்னோகைட், நைஸ் போன்ற கடினப்பாறை. தண்ணீர் மணலில் போல் பரந்து கிடக்காது, வெடிப்புகளில் தங்கியிருக்கும். ஒரு காட்டில் 300 அடியில் கிடைக்கும், வரப்பு தாண்டிப் போட்டால் 900 அடியிலும் இருக்காது. ‘ஆயிரம் அடி போனோமுங்க, புகைதான் வந்துச்சு’ என்பது இங்கே சாதாரணமாகக் காதில் விழும் வாக்கியம். புகை என்றால் பாறைத் தூள். அந்தத் தூளுக்கும் அடிக் கணக்கில் காசு கொடுத்தாக வேண்டும்.

இந்தத் தவிப்பில் இருந்து ஒரு தொழிலே பிறந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் பாறையைத் துளைத்துக்கொண்டிருக்கின்றன. ஆப்பிரிக்கா வரை போன வண்டிகள் உண்டு. தன் மண்ணில் தண்ணீர் தேடிக் கற்ற வித்தையை ஊர் ஊராக விற்கும் இந்தச் சாமர்த்தியத்தை வியக்காமல் இருக்க முடியாது. நிலப் பயன்பாட்டு அட்டவணை இதை எப்படிக் காட்டும்? திருச்செங்கோடு வட்டத்தில் தரிசு கூடியிருக்கிறது என்று காட்டும். ஊரில் காசு புழங்குகிறது என்பதையும், அது வெள்ளாமையில் வந்த காசு அல்ல என்பதையும் தெரிந்துகொள்ள ஆய்வாளர் வீட்டுக்கு வீடு போய்க் கேட்டால்தான் உண்டு.

அப்படிக் கேட்டவர்களில் முக்கியமானவர் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய பொருளாதார அறிஞர் எஸ். ஜனகராஜன். அவரும் மார்கஸ் மோயெஞ்சும் 2006-ல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் எழுதிய கட்டுரை, கிணறு விவசாயியை வாழவைக்கிறதா வீழ்த்துகிறதா என்ற கேள்வியைத் தமிழ்நாட்டை வைத்தே எழுப்பியது. பக்கத்துக் காட்டுக்காரர் ஆழப்படுத்தினால் என் கிணறு வற்றும், நானும் ஆழப்படுத்துவேன், அவர் மறுபடியும். இந்தப் பந்தயத்தில் கடன் வாங்க முடிந்தவர் நிற்பார், முடியாதவர் கிணற்றைக் கைவிட்டு மானாவாரிக்குத் திரும்புவார் அல்லது நிலத்தைத் தரிசு போடுவார். அந்தத் தரிசு அடங்கலில் ஏறும். காரணம் ஏறாது. ஒன்பது தலைப்பில் எதிலும் ஆழத்துக்கு இடமில்லை.

ஆழத்துக்குத் தனிக் கணக்கு இருக்கிறது, அது வேறு துறையிடம். 2017 மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1,166 பிர்க்காக்களில் 462 அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை; சேலம், நாமக்கல் மாவட்டங்களின் பல பிர்க்காக்கள் அதில் அடக்கம். நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 2003-ல் ஒரு சட்டம் வந்தது. நடைமுறைக்கே வராமல் 2013-ல் ரத்தானது. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீத மானியம் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் மிச்சமான தண்ணீரை மோட்டார் நிறுத்தி மிச்சம் பிடிப்பவர் குறைவு. இன்னும் ஒரு ஏக்கரைச் சேர்த்து நனைப்பவர்தான் அதிகம். யாரையும் குறைசொல்ல முடியாது. கடனில் போட்ட போருக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஈரத்தை மண்ணுக்குள் விட்டுவைக்க யாருக்கு மனம் வரும்?

அடுத்தது கிழங்கு. மரவள்ளி என்று புத்தகம் சொல்வதை இங்கே குச்சிக்கிழங்கு என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச் மாவும் வருவது நின்றுபோனபோது, 1943-ஐ ஒட்டிச் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும், மலேயா அனுபவம் உள்ள போபட்லால் ஷாவும் மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள் என்பது இந்தத் தொழிலின் பதிவான வரலாறு. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆத்தூர், தலைவாசல், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் பக்கம் சேகோ ஆலை இல்லாத சாலை அபூர்வம். நம் வீட்டில் பாயசத்துக்கு ஒரு பிடி போடுவதோடு சரி. பெரும்பகுதி வடக்கே போகிறது. மகாராஷ்டிரத்தில் ஏகாதசி விரதத்துக்கு சாபுதானா கிச்சடி செய்கிறவர்கள்தான் ஆத்தூர்க் காட்டில் எத்தனை ஏக்கர் கிழங்கு என்பதை நிர்ணயிக்கிறார்கள் என்றால் பெரிய மிகை இல்லை.

கம்பையும் கடலையையும் தள்ளிவிட்டுக் கிழங்கு ஏன் வந்தது? விலை ஒரு காரணம், ஆள் இன்னொரு காரணம். கடலை பறிக்க, பருத்தி எடுக்க, சோளம் அறுக்கக் குறித்த நாளில் நிறையக் கைகள் வேண்டும். பள்ளிபாளையம், குமாரபாளையம், எடப்பாடி விசைத்தறிகள் அந்தக் கைகளை வாரம் தவறாத கூலிக்கு இழுத்துக்கொண்டன. கிழங்கு குச்சியை நட்டால் எட்டு, பத்து மாதம் காத்திருக்கும். விலை சரியில்லையென்றால் பத்து நாள் மண்ணிலேயே விட்டும் வைக்கலாம். முழுக் குடும்பமும் காட்டில் கிடக்கத் தேவையில்லாத பயிர்.

விலையில்தான் சண்டை. கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று பார்த்து, பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். அளப்பவர் ஆலைக்காரர். பாயிண்ட்டைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்பது விவசாயிகளின் தீராத புகார். மக்காச்சோள மாவைக் கலந்து ஜவ்வரிசி செய்வதால் கிழங்கு விலை விழுகிறது என்பது அடுத்த புகார்.

ஆலையின் செலவில் ஒரு பங்கு ஆலையின் கணக்கில் வருவதில்லை. கிழங்கைக் கழுவி, தோல் சீவி, அரைத்து, தொட்டிகளில் மாவைப் படியவைக்க ஏராளமான தண்ணீர் வேண்டும். வெளியேறும் நீரில் மாவுச்சத்தும் கொஞ்சம் சயனைடும் இருக்கும். தேங்கினால் புளித்து நாறும், கிணறுகளில் இறங்கும். அரைத்து எஞ்சும் திப்பி மட்டும் மாட்டுத் தீவனமாகக் காசாகிறது. கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன்கள் பல ஆலைகளில் வந்திருப்பது உருப்படியான மாற்றம். சேர்வராயன் மலையடியில் பிறந்து சேலம் நகரத்தின் சாக்கடையையும் சாயப்பட்டறைக் கழிவையும் சுமந்துகொண்டு, நஞ்சை இடையாறு அருகே காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாற்றின் கதையும் இதே வகைதான். முன்பு மழைக்காலத்தில் மட்டும் ஓடிய ஆறு இன்று கோடையிலும் ஓடுகிறது. கரையோரம் மோட்டார் வைத்து அந்தத் தண்ணீரையே இறைத்து வெள்ளாமை செய்கிறார்கள். அடங்கல் எழுதுபவர் அதைப் பாசன நிலம் என்று எழுதியாக வேண்டும்.

சமவெளியின் ஆலைப் பசி மலையையும் விடவில்லை. நாமக்கல்லுக்கு மேலே நிற்கும் கொல்லிமலையில் சாமையும் தினையும் ராகியும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள் முதல் அங்கே சிறுதானியங்களைக் காப்பாற்ற வேலை செய்கிறது. அந்த முயற்சியைப் பொருளாதாரக் கண்ணோடு ஆராய்ந்து கியோம் கிருயேர், லதா நாகராஜன், ஆலிவர் கிங் மூவரும் 2009-ல் எழுதியது எனக்குப் பிடித்த ஆய்வுகளில் ஒன்று. காரணம், அது உபதேசம் செய்யவில்லை. சிறுதானியம் உடம்புக்கு நல்லது, மண்ணுக்கு நல்லது என்று சொல்லி முடித்துக்கொள்ளாமல், பெண்கள் குழுக்கள் சேர்ந்து அரைத்து, பொட்டலம் போட்டு, சந்தைக்குக் கொண்டுபோனால் சாமைக்காரருக்குக் கையில் எவ்வளவு நிற்கும் என்று பார்த்தது. சாமையைக் குத்தி உமி நீக்குவது பெண்களுக்கு எவ்வளவு பெரிய பாடு என்பது புரியாமல் மரவள்ளி ஏன் வென்றது என்பதும் புரியாது. லாரி வந்து கிழங்கை அப்படியே ஏற்றிக்கொண்டு போகிறது. சாமையை யார் உரலில் போடுவது?

ஒரே பயிரில் போய் நின்றால் ஒரே பூச்சி போதும். 2020-ல் கேரளத்தின் திருச்சூரில் முதன்முதலாகத் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி சீக்கிரமே நாமக்கல், சேலம் காடுகளுக்கு வந்து குருத்தைச் சுருட்டியது. 1970, 80-களில் ஆப்பிரிக்காவின் உணவையே ஆட்டிவைத்த அதே பூச்சி. அங்கே அதை அடக்கியது மருந்தில்லை, தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோன அனகைரஸ் லோபசி என்ற மிகச் சிறிய குளவி. அந்த வேலைக்கு ஹான்ஸ் ஹெரென் 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றார். பெங்களூரு வேளாண் பூச்சி ஆய்வகம் பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியை வரவழைத்துப் பெருக்கியது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகள் முன்னிலையில் அது வெளியே விடப்பட்டது. குளவிக்கு விலை கிடையாது, கம்பெனி கிடையாது, விளம்பரமும் கிடையாது. அதனாலேயே மருந்துக் கடையில் அதைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை.

கோழிக் கதைக்கு வருவோம். நாமக்கல் பக்கம் 1970-களில் வேகம்பிடித்த முட்டைக்கோழிப் பண்ணைகள் இன்று தினமும் கோடிக்கணக்கில் முட்டை கொடுக்கின்றன. 1982-ல் உருவான முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் நாமக்கல் மண்டல விலை நாளிதழில் தங்கம் விலைக்குப் பக்கத்தில் வருகிறது. சத்துணவுத் தட்டில் விழும் முட்டையும் பெரும்பாலும் இங்கேதான் புறப்படுகிறது. தண்ணீர் இல்லாத காட்டில் ஒரு ஏக்கர் ஷெட் கொடுக்கும் வருமானத்தைப் பத்து ஏக்கர் கம்பு கொடுக்காது. விவசாயிகள் கணக்குத் தெரியாமல் மாறவில்லை. ஆனால் இத்தனை கோழிக்கும் தீனி? மக்காச்சோளமும் சோயாவும். தமிழ்நாட்டு மக்காச்சோளம் போதாமல் கர்நாடகம், ஆந்திரம், பீகாரிலிருந்து லாரியிலும் ரயிலிலும் வருகிறது. மாட்டுக்குத் தட்டு விளைவித்த காலத்தில் தீவன நிலம் வீட்டு வாசலில் இருந்தது. இப்போது ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது. நாமக்கல் மாவட்டத்தின் பரப்பு சுமார் 3,360 சதுர கிலோமீட்டர் என்று புத்தகம் சொல்லும். அது உண்ணும் நிலத்தையும் சேர்த்தால் மாவட்டம் எவ்வளவு பெரியது என்பது ஒரு நல்ல முனைவர் பட்டத் தலைப்பு.

தரிசு என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை காரணங்கள் ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள். தண்ணீர் கைவிட்ட தரிசு. ஆள் கிடைக்காத தரிசு. பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, அப்பா காலத்துக்குப் பிறகு பாகம் பிரியாமல் கிடக்கும் தரிசு. எல்லாவற்றையும்விட வேகமாகப் பெருகுவது விலைக்காகக் காத்திருக்கும் தரிசு: கல் நட்டு, கொடி கட்டி, ‘நகர்’ என்று பெயர்ப்பலகை வைத்து, வீடு ஒன்றும் வராமல் பத்து வருடமாக முள் முளைத்துக் கிடப்பவை. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. அடுத்த வருடமே வரன்முறைத் திட்டம் வந்தது. நிலத்தின் விலை அதில் விளைவதை வைத்து இருந்தவரை, நல்ல மண் தப்பித்தது. சாலைக்கு எத்தனை மீட்டர் என்பதே விலையான பிறகு, மண்ணின் தரத்துக்கு மரியாதை இல்லை. சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை அறிவிக்கப்பட்ட 2018-ல் 277 கிலோமீட்டருக்குக் கல் நடப் போனவர்களை மறித்து அழுத பெண்களின் காட்சி பலருக்கு நினைவிருக்கும். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கையகப்படுத்தலை ரத்து செய்தது; 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முறைப்படி புதிதாக அறிவித்துச் செய்யலாம் என்றது. சாலை இன்னும் வரவில்லை. ஆனால் வரும் என்ற பேச்சுக்கே நிலம் கைமாறும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து பிரியும் ராஜவாய்க்காலும் அதைச் சார்ந்த வாய்க்கால்களும் பரமத்தி வேலூர், மோகனூர் பகுதியில் பாயும் இடம். வெற்றிலை, வாழை, கரும்பு, பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தை. நூறு வருடத்துக்கு முந்தைய அறிக்கையையும் இன்றைய அறிக்கையையும் வைத்துப் பார்த்தாலும் இங்கே அதிர்ச்சி குறைவு. தண்ணீர் உறுதியாக இருந்தால் நிலம் அவ்வளவு லேசில் வேடம் மாற்றிக்கொள்வதில்லை.

இவற்றையெல்லாம் ஒழுங்காகத் தெரிந்துகொள்ள ஒரு பழைய வழி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பி எடுத்த கணக்கு 1918-ல் நூலானது. 1930-களில் பி.ஜே. தாமசும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி பார்த்தார்கள். அதில் ஒன்றான தென்னார்க்காட்டு இருவேல்பட்டுக்கு 2008 வரை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். கடைசியாகப் போனவர்கள் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ். மாவட்டக் கணக்கில் இப்படிப் பின்னோக்கிப் போவது சிரமம். 1965-ல் தர்மபுரியும், 1997 ஜனவரியில் நாமக்கல்லும் சேலத்திலிருந்து பிரிந்தன; பழைய சேலமும் இன்றைய சேலமும் ஒன்றில்லை. ஊர் மட்டும் அதே ஊர்தான். ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுக்க அண்மையில் ஒரு வாய்ப்பும் வந்தது. 2024 நவம்பரில் மின்னணுப் பயிர் ஆய்வுக்கு வேளாண் கல்லூரி மாணவர்கள் செல்போனோடு காட்டில் இறங்கினார்கள். கிராம நிர்வாக அலுவலர்கள் இந்தக் கூடுதல் வேலை தங்களால் ஆகாது என்று சொன்னதன் விளைவு. படிப்பு கெடுகிறது என்று கண்டனம் எழுந்தது, நியாயமும்தான். ஆனாலும் ஒவ்வொரு புலத்திலும் நின்று பார்த்த மாணவர்களிடம் பயிரின் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பியது வீண். போர் எத்தனை அடி என்று ஒரு கேள்வி சேர்த்திருக்கலாம்.

அந்தக் கேள்விக்கு அவசரம் இருக்கிறது. மேட்டூர் உபரி நீரைத் திப்பம்பட்டியில் இறைத்துச் சரபங்கா வடிநிலத்தின் நூறு ஏரிகளை நிரப்பும் 565 கோடி ரூபாய்த் திட்டம் 2020-ல் தொடங்கியது. எடுக்கும் தண்ணீர் 0.555 டி.எம்.சி. கேட்கப் பெரிதாக இருக்கும். ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிறுத்தினால் 12,700 ஏக்கருக்குச் சற்று மேல் வரும். அதுவும் அணை 120 அடி நிரம்பி வழியும் ஆண்டில் மட்டும். 2013-க்குப் பிறகு 2018 வரை அணை நிரம்பவே இல்லை. வாய்க்காலில் நேரடியாகப் பாயும் ஆயக்கட்டைவிட, ஏரியின் அடிவழியாக இறங்கிச் சுற்றுக் கிணறுகளில் ஊறுவதுதான் இதன் பெரிய பலன் என்று திட்டத்தை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஊறிய நீர் திறந்த கிணறு வைத்திருக்கும் இரண்டு ஏக்கர்க்காரருக்கு நிற்கிறதா, அவரைத் தாண்டி 900 அடி போர் போட்ட பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறதா என்பதை ஏரி நிரம்பும் முன்னும் பின்னும் கிணறு கிணறாகக் கயிறு விட்டு அளந்தால் சொல்லிவிடலாம். ஓமலூர், எடப்பாடிப் பக்கம் ஏதாவது ஒரு கல்லூரியின் பொருளாதாரத் துறை இரண்டு வருடம் இதற்கு ஒதுக்கினால் போதும். கயிறும் நாடாவும் பெரிய செலவில்லை.